ஒலிமிதியின் இரக்கம்

முன்பு திருப்பூரில், ஒரு வீட்டின் முன்னறையில், ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் தன் குடும்பத்தோடு குடியிருந்தது. மற்ற கிட்டார்களைப் போல யார் மடியிலும் ஏறி உட்காருகிற இனமல்ல அது. நான்கு காலூன்றி மேசை மாதிரி நிற்கும். வாசிக்கிறவர்தான் அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். கொஞ்சம் கெத்தான பிறவி.

குடும்பம் பெரிசு. மேலே பத்துக் கம்பிகள். ஒன்றுக்கொன்று ஆகாது என்றாலும், ஒருத்தி சுருதி விலகினால் மீதி ஒன்பது பேரும் சேர்ந்துகொண்டு முகம் சுளிப்பார்கள். கீழே இடது காலுக்கு மூன்று மிதிகள். இரண்டு முழங்கால்களாலும் இடித்துத் தள்ளுவதற்குச் சில நெம்புகோல்கள். கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓட, கட்டைவிரல் தடிமனில் ஓர் எஃகு உருளை. வாசிக்கிறவர் இடது கையில் பிடித்து ஓட்டுவது இந்த உருளையைத்தான். அதனால் பாட்டே தன்னால்தான் வருகிறது என்று அதற்கு ஒரு நினைப்பு உண்டு.

வலது காலடியில் ஒலிமிதி. முன்பாதத்தால் அமுக்கினால் சத்தம் பெருகும். குதிங்காலால் அமுக்கினால் சத்தம் அடங்கும். மூலையில், எல்லோரையும் படுக்கவைத்து மூடுவதற்கென்று, சிவப்பு வெல்வெட் மெத்தையோடு ஒரு பெட்டி.

இவர்களில் ஒலிமிதிக்கு மட்டும் மனசு மிகவும் இளகியது. வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கிட்டார் முதலில் சவரிநாதனுடையது. மாதா கோயிலிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் இருபது வருஷம் வாசித்தவர். அவர் இறந்துபோனதும், தங்கை அமலோற்பவம், "அண்ணன் ஞாபகமா நான் வச்சுக்கறனுங்க அண்ணி" என்று கேட்டாள். எல்லோருக்கும் அவள் அமலம். வயது ஐம்பத்தொன்று. பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக டெய்லர்.

அண்ணி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா வச்சுக்கறதுக்கு அதென்ன பொம்மையா கண்ணு? கம்பி துருப்புடிச்சுக் கெடக்கறதை என்னால பாக்க முடியாது. உங்கண்ணனோட வருச நெனவு நாளைக்கு, அவருக்குப் புடிச்ச மாதா பாட்டை நீ வாசிச்சுக் காட்டு. அதுவரைக்கும் உன் வீட்டுலயே இருக்கட்டும். வாசிச்சீன்னா உன்னோடது. இல்லீன்னா அவரோட வாசிச்ச பசங்க யாராச்சும் எடுத்துட்டுப் போகட்டும்."

அமலம் சரி என்று தலையாட்டிவிட்டாள். அன்றைக்கு அவள் உருளையை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூட அறியாதவள்.

தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து உட்காருவாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வாசிப்பாள். ஏழேகாலுக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கிட்டாரின் மேல் கோடுகள் வரைந்திருக்கும். உருளை சரியாகக் கோட்டுக்கு நேர் மேலே நின்றால்தான் சுரம். ஒரு நூல் தள்ளி நின்றால்கூட அபசுரம்.

உருளையோ வழுக்குவதற்கென்றே பிறந்தது. கோட்டைத் தாண்டி ஓடும், இல்லையென்றால் கோட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படித் தப்பு வருகிற ஒவ்வொரு முறையும் அமலத்தின் வலது குதிங்கால் தானாக இறங்கும். ஒலிமிதி உடனே தலையைக் குனிந்து சத்தத்தை விழுங்கிவிடும்.

அமலம் தனக்குள் சிரித்துக்கொள்வாள். "பரவால்ல, நல்லாத்தான் வருது."

ஒரு நாள் உருளைக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலைக்குப் போனதும் கேட்டது.

"ஏம்ப்பா, தப்பா நின்னவன் நான். அதை எதுக்கு நீ முழுங்கற?"

"பாவம் அவ" என்றது ஒலிமிதி. "நாள் பூரா மிஷின் முன்னால குனிஞ்சு கெடக்கறா. காலங்காத்தால அவ மூஞ்சி வாடறதைப் பாக்கணுமா?"

"நான் எங்க நிக்கறேன்னு அவளுக்குத் தெரியவே இல்லையே. தெரிஞ்சாத்தானே தள்ளி வைப்பா?"

"உனக்கு மனசே கெடையாது. எஃகுதானே நீ."

உருளைக்கு அது சுருக்கென்று தைத்தது. மூலையிலிருந்து பெட்டிதான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. "எதுக்குச் சண்டை? எல்லாரும் இங்க வந்து படுங்க. மெத்தை இருக்கு. இங்க யாரும் யாரையும் கொறை சொல்ல மாட்டாங்க."

நினைவு நாளுக்கு மூன்று மாதம் இருந்தபோது அமலத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோயமுத்தூரில் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிற கிளமெண்ட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் ஏறி வந்து இறங்கினான். இருபத்தாறு வயசு. அவளுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டியவன். அவள் எழுந்து நின்று, "வாங்க மாஸ்டர்" என்றாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

மாதா பாட்டை அவள் வாசித்தாள். கிளமெண்ட் அவள் கையைப் பார்க்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கம்பெனியில என்ன மிஷின் ஓட்டறீங்க?"

"சிங்கிள் நீடிலுங்க மாஸ்டர். ஆட்டோ மிஷின்."

"தையல் முடிஞ்சா நூலை எப்படி வெட்டுவீங்க?"

"குதிங்காலைப் பின்னால ஒரு அமுக்கு அமுக்கினா அதுவே வெட்டிக்குமுங்க."

"தையல் கோணிட்டா?"

"அதுக்கும் குதிங்கால்தானுங்க. டக்குன்னு நின்னுரும்."

கிளமெண்ட் சிரித்துவிட்டான். "அதேதாங்க்கா இங்கயும் நடக்குது. தப்பு வந்தா நூலை வெட்டற மாதிரி சுரத்தை வெட்டிடறீங்க. பாதிப் பாட்டு கேக்கவே இல்ல. உங்களுக்கே கேக்கல."

அமலத்துக்கு முகம் கறுத்துப்போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கூடவே வந்து இங்கே உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்ததே இல்லை.

கிளமெண்ட் எழுந்தான். ஒலிமிதியின் ஒயரைப் பிடுங்கி, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். "எட்டு வாரத்துக்கு இது வேண்டாம்" என்று ஒலிமிதியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

இந்த வீட்டில் அவளிடம் பிரியமாக இருந்தது தான் ஒருவன்தான், தன்னையே தள்ளி வைத்துவிட்டார்களே என்று ஒலிமிதி குமுறியது.

பாடம் என்று கிளமெண்ட் கொடுத்ததைக் கேட்டால் யாருக்கும் அலுத்துப்போகும். ஒரே ஒரு கம்பி. மூன்றாம் கோட்டிலிருந்து ஐந்தாம் கோட்டுக்கு ஒரே ஒரு நகர்த்தல்.

"முதல்ல அந்தச் சுரத்தை வாயால பாடுங்க. காதுக்குள்ள அது இருக்கணும். அப்புறம் உருளையை நகர்த்துங்க. கோட்டைப் பாக்காதீங்க, கேளுங்க. தெனமும் நாப்பது தடவை."

"பாட்டு எப்பங்க மாஸ்டர்?"

"இதுதாங்க்கா பாட்டு. அடுத்த வாரம் இன்னொரு கம்பி."

மறுநாள் காலை அந்த வீட்டிலிருந்து வந்த சத்தத்தைச் சொல்லி மாளாது. விழுங்க ஆளில்லாததால் தப்பெல்லாம் முழுசாக வெளியே வந்தது. எதிர்வீட்டு ராசாத்தி வாசலில் கோலப்பொடியோடு நின்று, "அமலக்கா, பூனை ஏதாச்சும் மாட்டிக்கிச்சுங்களா?" என்று கேட்டாள். கேலியில்லை, அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள்.

மூன்றாம் நாள் அமலம் உருளையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "இத்தனை நாளும் இப்படியா வாசிச்சேன்?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஒலிமிதிக்குத் தாங்கவில்லை. "பாத்தியா? நான் இருந்திருந்தா அழ விட்டிருப்பனா?" என்றது பெட்டியிடம்.

"கவலைப்படாதே" என்றது பெட்டி சாவகாசமாக. "இன்னும் நாலு நாள். மொத்தக் குடும்பமும் எங்கிட்ட வந்துரும்."

நாலு நாள் போனது. அமலம் எழுந்து வருவது நிற்கவில்லை. வந்து, பாடி, நகர்த்தி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். நாற்பது கோடு ஆனதும் வேனுக்கு ஓடுவாள். ஞாயிறுதோறும் கிளமெண்ட் வந்தான். திட்ட மாட்டான், சும்மா புகழவும் மாட்டான். "இப்ப எங்க நின்னுச்சு? மேலயா கீழயா?" என்று மட்டும் கேட்பான். முதல் வாரம் அவள் முழித்தாள். மூன்றாம் வாரம், "கீழங்க மாஸ்டர், ஒரு மயிரிழை" என்றாள். கிளமெண்ட் சந்தோஷத்தில் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அப்புறம் மிதிகளும் நெம்புகோல்களும் ஒவ்வொன்றாகப் பாடத்துக்குள் வந்தன.

ஆறாம் வாரம் ஒரு வியாழக்கிழமை. உருளை கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வழக்கம்போல அபசுரம். ஆனால் அமலம் நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி, உருளையை மெல்ல, மெல்ல, அங்கிருந்தே மேலே தள்ளினாள். சுரம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. பத்துக் கம்பிகளும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன.

மூலையில் ஒலிமிதி அதைக் கேட்டது.

"அவளுக்குக் கேட்டுருச்சு" என்றது.

"என்ன கேட்டுச்சு?" என்றது பெட்டி.

"தப்பு. கேட்டதும் அவளே போய்ச் சரி பண்ணிட்டா. இத்தனை நாளும் நான் அவ காதைத்தான் பொத்திட்டு இருந்திருக்கேன்." ஒலிமிதிக்கு வெட்கமாக இருந்தது. உருளையைப் பார்த்து, "நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதே" என்றது.

உருளை பெரிய மனுஷத்தனமாக, "விடு, விடு" என்றது.

எட்டு வாரம் முடிந்ததும் கிளமெண்ட் ஒலிமிதியை எடுத்துத் தூசி தட்டி, பழைய இடத்தில் வைத்து ஒயரைச் சொருகினான்.

"இது சத்தத்தை மறைக்கறதுக்கு இல்லீங்க்கா. கம்பியைத் தட்டினதும் சத்தம் பொறக்குது, உடனே தேஞ்சுகிட்டே போகுது. அது தேயத் தேய, முன்பாதத்தால கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துட்டே வாங்க. அப்பத்தான் சுரம் மூச்சு விடும்."

அமலம் கொடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு சுரம் அறை முழுக்க நீண்டுகொண்டே போனது. சவரிநாதன் காலடியில் இருபது வருஷம் செய்த வேலையை இரக்கத்தில் மறந்துபோன லட்சணத்தை நினைத்து ஒலிமிதி தன்னையே நொந்துகொண்டது. இருந்தாலும் பழக்கம் லேசில் விடுமா? அவசரத்தில் அமலத்தின் குதிங்கால் அவ்வப்போது இறங்கத்தான் செய்தது.

நினைவு நாள் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் அமலத்தின் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி வெள்ளைச் சேலையில் முன்னால் உட்கார்ந்தாள். சவரிநாதனோடு வாசித்த இரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். தேவைப்பட்டால் கிட்டாரை எடுத்துப்போக வந்தவர்கள். வாசலில் அவர்கள் கொண்டுவந்த ஆட்டோ நின்றது. பெட்டி காலையிலேயே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தது. கிளமெண்ட் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அமலம் ஆரம்பித்தாள். முதலடி நன்றாக வந்தது. இரண்டாமடியும் வந்தது. மூன்றாமடியில், பாட்டின் உச்சியில், அவள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. உருளை வழுக்கி, கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுபோனது. கூடியிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. சுவரோரம் நின்ற ஒருவர் மற்றவரைப் பார்த்தார்.

இருபத்தெட்டு வருஷத்துக் குதிங்கால் சட்டென்று இறங்கியது.

ஒலிமிதிக்குப் பழைய ஆசை வந்தது. குனிந்துவிட்டால் போதும். சத்தம் செத்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவள் மானம் தப்பும். அவள் மேல் அதற்கு இருந்த பிரியம் கொஞ்சமா நஞ்சமா?

அந்தப் பிரியத்தோடுதான் அது விறைத்துக்கொண்டு நின்றது. குதிங்கால் அமுக்கியும் இம்மி குனியவில்லை.

காலுக்குக் கீழே ஏதோ மறுப்பது அமலத்துக்கு உறைத்தது. தன் தப்பான சுரம் எல்லோர் காதுக்கும் முன்னால் அப்பட்டமாகத் தொங்கிக்கொண்டிருப்பதை அவள் கேட்டாள். கேட்டதும் கை புரிந்துகொண்டது. உருளை மெல்ல மேலேறியது. முன்பாதம் தானாக இறங்க, ஒலிமிதி தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தது. அழுதுகொண்டே எழுந்து நிற்கிற குரலைப் போல அந்தச் சுரம் ஏறி ஏறி, தன் இடத்தில் போய் நின்றது.

பாட்டு முடிந்தது. அமலம் தலையைத் தூக்கவில்லை.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. கிட்டாரு இங்கயே இருக்கட்டும்." பிறகு அமலத்திடம் திரும்பினாள். "ஏங் கண்ணு, மூணாவது அடியில ஒரு எடத்துல கீழ விழுந்து மேல ஏறுச்சே, அதென்னது?"

"அது தப்புங்க அண்ணி. கை வழுக்கிருச்சு."

"தப்போ என்னமோ. அந்த எடத்துலதான் எனக்கு அழுகையே வந்துச்சு. அதை இன்னொருக்கா வாசி."

அமலம் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். இந்த முறை அந்த இடம் கொஞ்சம்கூடப் பிசகாமல் வந்தது. அண்ணிக்குத்தான் லேசாக ஏமாற்றம்.