முள்ளியின் பத்தியம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு அது தலைப்பிரசவம். வயிறு பெருத்துவிட்டதால், ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டியது. சாப்பிடாமல் இருந்தாலோ கண் இருட்டியது. அதனால் அவ்வப்போது கொறிக்கலாம் என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை, ஈச்சம்பழம் எல்லாவற்றையும் வளை வாசலில் சேர்த்து வைத்திருந்தது.

குழந்தைகளே, வாசலில் தீனி இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சமா?

முதலில் காட்டுப்பன்றி வந்தது. "அய்யய்யோ! மாசமா இருக்கிறவ கிழங்கு திங்கலாமா? வாயும்மா, வாயு! குட்டிக்கு ஆகாது" என்று பதறியது.

"அப்படியா பெரியம்மா? எனக்குத் தெரியாதே!" என்றது முள்ளி.

"தெரியாமத்தான் கெட்டுப் போறீங்க. குடு, நான் தூரமாக் கொண்டு போயிடறேன்."

அடுத்து மயில் வந்தது. வேர்க்கடலை பித்தம் என்று சொல்லி, ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு போனது. குரங்கு மாமா வந்து, "ஈச்சம்பழமா? சூடு, சூடு!" என்று மிச்சத்தையும் வழித்துக்கொண்டு போனது.

முள்ளிக்கு மிஞ்சியது வெறும் புல்தான். சில நாளில் கால் நடுங்கத் தொடங்கியது. வயிற்றில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, இப்போது லேசாக நெளிவதோடு சரி. முள்ளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

'இத்தனை பத்தியம் இருந்தும் என் குட்டி ஏன் வாடுது? இவங்க சொன்னது நிஜம்தானா?'

நடுங்கும் காலோடு அலைந்து திரிந்து, மறுபடியும் எல்லாவற்றையும் சேர்த்தது. வாசனை பிடித்துக்கொண்டு மூன்று பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

முள்ளி மெதுவாகக் கேட்டது: "எனக்கு ஒரு காய்மேல ஆசையா இருக்கு. எட்டிக்காய். திங்கலாமா?"

எட்டிக்காய் கடும் விஷம். அந்தக் காட்டில் யாரும் அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் மூவருடைய கண்ணும் கிழங்குக் குவியலிலேயே இருந்தது.

"தாராளமாத் தின்னும்மா" என்றது காட்டுப்பன்றி.

"மசக்கையில ஆசைப்பட்டதைத் தின்னாத்தான் நல்லது" என்றது மயில்.

"வேணும்னா நானே பறிச்சுப் போடறேன்" என்று ஒத்து ஊதியது குரங்கு.

முள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கிழங்கு ஆகாது, கடலை ஆகாது, பழம் ஆகாது. விஷம் மட்டும் ஆகுமா? நீங்க திங்கிறதெல்லாம் எனக்கு ஆகாது. நீங்க தொடாததுதான் எனக்கு ஆகும். நல்ல பத்தியம்!"

முள்ளி தன் முட்கள் அத்தனையும் சிலிர்க்க, குவியலுக்கு முன்னால் போய் நின்றது.

"என் குட்டிக்கு என்ன வேணும்னு இனிமே நான் பார்த்துக்கிறேன். ஒரு அடி எடுத்து வச்சுப் பாருங்க!"

குரங்கு மரத்தில் தாவியது. மற்ற இருவரும் போன திசை தெரியவில்லை.

முள்ளி அங்கேயே உட்கார்ந்து ஒரு துண்டுக் கிழங்கு தின்றது. சற்றுப் பொறுத்துக் கொஞ்சம் கடலை, அப்புறம் இரண்டு பழம். பொழுது சாயும்போது வயிற்றில் ஓர் உதை விழுந்தது. முள்ளி அழுதேவிட்டது. அழுதுகொண்டே இன்னொரு கிழங்கை எடுத்துக் கடித்தது.

நீதி: புத்தி சொல்ல வருகிறவரின் கை நம் தட்டை நோக்கி நீண்டால், அந்தப் புத்தி நமக்காகச் சொன்னதல்ல.