வளைந்த மூன்று ஊசிகள்

மருதாசலம் மதியச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

"நான் கெளம்பறனுங்க, அம்மிணி."

முப்பது வருஷம் லேத்துப் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர். பட்டறையை மூடியதும், காந்திபுரத்தில் பூங்கோதையின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வேலை கற்க வந்தார். அவர் மகள் வயசுதான் அவளுக்கு. ஆனாலும் குரு குருதானே.

மேசையில் மதர்போர்டு கிடந்தது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேல் ஊசிகள், முடி மாதிரி. அதில் மூன்று வளைந்துபோயிருந்தன. காலையில் பிராசசர் சரியாக உட்காரவில்லையென்று, மருதாசலம் பேரிங் ஏற்றுகிறவர்போல் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டார்.

"இரும்புக் கையிங்க இது. இங்க ஆகாது."

"போறது போறீங்க. இந்த மூணையும் நிமித்திட்டுப் போங்கண்ணா." பூங்கோதை ஒரு தையல் ஊசியை நீட்டினாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ஊசி நிமிர்ந்தபோது பக்கத்திலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இப்ப பிராசசரை வையுங்க."

"வேண்டாமுங்க. நீங்களே வெச்சிருங்க."

"ஓரத்துல ரெண்டு வெட்டு இருக்குதே, பாத்தீங்களா?"

பார்த்தார். சாக்கெட்டில் அதற்கேற்ற மாதிரி இரண்டு சின்ன மேடு. காலையில் திருப்பி வைத்திருக்கிறார்! இப்போது வெட்டை மேட்டுக்கு நேராகப் பிடித்து, மெல்ல விரலை எடுத்தார். தூங்கின பிள்ளையைத் தொட்டிலில் போட்டதுபோல் அது தானாகப் படிந்தது.

"அட! அமுக்கவே வேண்டாமுங்களா?"

அவள் சாக்கெட்டின் மூடியைக் கவிழ்த்தாள். பக்கத்தில் எழுந்து நின்ற, மூடியை இறுக்கும் கம்பியைக் காட்டினாள்.

"அதை இறக்கி மாட்டுங்க."

ஒற்றை விரலால் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். கிறீச்சென்றது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். கம்பி மறுபடி எழுந்து நின்றது.

"கத்துதுங்க அம்மிணி! மறுபடியும் ஒடைச்சுப்போட்டனா?"

"இல்லீங்கண்ணா. அது அப்படித்தான் கத்தும்."

மருதாசலம் தன் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்தார்.

"நெசமாச் சொல்லுங்க. இந்தக் கைக்கு இங்க வேலை இருக்குதுங்களா?"

பூங்கோதை தன் மெல்லிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா அமுக்குங்கண்ணா. எனக்கெல்லாம் இதுக்கு ரெண்டு கை வேணும்."