வெளிச்சத்துக்குள் மாட்டிய மாப்பிள்ளை

கரட்டூரணி கடலைமிட்டாய் கம்பெனியில் கொம்பையா, இசக்கி, சங்கரபாண்டி என்று மூணு பேர் வேலை பார்த்தார்கள். மூணு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு வேண்டியவர்கள்.

மிட்டாய்க்குக் காகிதம் சுற்றுகிற புது மெஷின் வந்தது. மூணு பக்கமும் சுவர். நாலாவது பக்கம் இரண்டு கம்பம் நட்டு, கோயம்புத்தூர் இன்ஜினியர் சொன்னார்: "இதுதான் சென்சார். இந்தக் கம்பத்துல இருந்து அந்தக் கம்பத்துக்கு ஒரு வெளிச்சம் போகுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. குறுக்க யாரு போனாலும் மெஷின் நின்னுரும். கண்ணாடி போனா மட்டும் அதுக்குத் தெரியாது."

முதலாளி, "ஆர்டர் முடியிற வரைக்கும் மெஷின் நிக்கக் கூடாது" என்றார். சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் காரில் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போன மேஸ்திரி கொம்பையா உள்ளேயே நிற்கிறார்.

"ஐயையோ! பதினோரு மணிக்குப் பொண்ணு பார்க்கப் போகணுமே!"

கொம்பையாவுக்கு முப்பத்தொன்பது வயசு. ஏழு வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, எட்டாவதாக வந்த இடம். பாவம், கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கண்ணாடிதான் அதுக்குத் தெரியாதே" என்றான் இசக்கி. "கண்ணாடிக்குப் பின்னால வாங்க."

ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிப் பதமாக உள்ளே தள்ளினார்கள். கொம்பையா அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்தார். மெஷின் நின்றது.

"பார்த்துட்டுது! உள்ள போங்க, உள்ள போங்க!" என்று திரும்பத் தள்ளிவிட்டார்கள். மெஷின் ஓடியது.

"கண்ணாடி அழுக்கு" என்றான் சங்கரபாண்டி. கழுவித் துடைத்து இன்னும் நாலு தடவை பார்த்தார்கள். நாலு தடவையும் கொம்பையா வெளியே வந்தார். நாலு தடவையும் பொறுப்பாக உள்ளே போனார்.

மணி பன்னிரண்டு. பெண்ணின் அப்பா சுடலைமணி கோபமாகத் தேடி வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மெஷின் நின்றது. உள்ளே கும்மிருட்டு.

விஷயத்தைக் கேட்ட சுடலைமணி, "அதான் நின்னுட்டுதே, இப்பமாவது வெளிய வாங்க" என்றார்.

"நல்லாச் சொன்னீங்க!" என்றார் கொம்பையா. " கரண்ட் இருக்கும்போதே அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியல. இந்த இருட்டுல எப்படித் தெரியும்? இடிச்சுக்கிட்டா?"

சுடலைமணி கையெடுத்துக் கும்பிட்டார். "இவ்வளவு நிதானமான பிள்ளைய நான் எங்க போய்த் தேடுவேன்! பொண்ணு உங்களுக்குத்தான், மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்."

கரண்ட் வந்தது. மெஷினும் ஓடியது. ஆர்டர் முடிய இன்னும் இருபது நாள்.

"கல்யாணத்த இங்கேயே வச்சிருவோம்" என்றார் சுடலைமணி. "மாப்பிள்ளை உள்ள, பொண்ணு வெளிய."

"தாலி கட்ட அண்ணாச்சி கைய நீட்டணுமே, மெஷின் நின்னுருமே" என்றான் இசக்கி.

"தோள் வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டா கை எப்படிப்பா தெரியும்?"

எல்லோரும் அசந்துபோனார்கள். கொம்பையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"வளையல் சத்தம் மெஷினுக்குக் கேட்டுட்டா, மாமா?"

"அட, அதுக்குத்தானே, மாப்பிள்ளை, கெட்டிமேளம் வாசிக்கிறாங்க!"