தோற்றால் தலைகீழாகும் மந்திரம்

மந்திர விளையாட்டை நடத்திய மகுடபதி சார் புதிதாக ஒரு விதி போட்டார். இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு திறமைப் புள்ளியையும் கூட்டினால் இருபதோ அதற்கு மேலோ வரவேண்டும். வராவிட்டால் மந்திரம் தலைகீழாகப் பலிக்கும்.

புதிதாகச் சேர்ந்த தையல்காரி அமலிக்குத் திறமைப் புள்ளி ஒன்றே ஒன்று.

"ஊரு பத்தி எரியுது. மந்திரம் போட்டு அணைம்மா. முடியலன்னா ஆட்டத்துல உன் மந்திரக்காரி செத்துருவா, நீயும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்" என்றார் சார்.

"தீயே, இன்னும் கொழுந்துவிட்டு எரி!" என்று அமலி பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது.

"தோத்துட்டேன் சார். தீ அணைஞ்சிருச்சு."

மேஜையைச் சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ ஒண்ணும் தெரியாதவதான் பெரிய மந்திரவாதியா?"

"உங்க விதிப்படி ஆமா சார்."

மகுடபதி விதித்தாளை வெறித்துப் பார்த்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"உட்காரும்மா. தோத்தா என்ன ஆகணும்னு நீயே எழுது."