நாயுருவி விதையும் நரியின் கூச்சலும்

குளத்துக்கு இறங்கும் வழி நெடுக நாயுருவிச் செடியை மண்டவிட்டிருந்தது ஒரு நரி. தண்ணீர் குடிக்க வரும் எல்லார் மேலும் அதன் விதை ஒட்டிக்கொள்ளும்.

"இது என்னத்துக்கு, நரியண்ணே?" என்று சாம்பி என்ற தாய் முயல் கேட்டது.

"சும்மாதான் தங்கச்சி! அடுத்த தடவை வந்தா அடையாளம் தெரியணுமில்ல!"

தாகத்தில் யார் இதையெல்லாம் யோசிப்பார்கள்? சாம்பியும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுக் குடித்தது.

அங்கேதான் வினை! போகிற வழியெல்லாம் விதை உதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போன நரிக்கு, சாம்பி தினமும் ஆவாரம் புதர்வரை போவது தெரிந்துவிட்டது. மடி கனத்திருந்ததால், குட்டி போட்டிருப்பதும் புரிந்துவிட்டது. ஆனால் வளை எங்கே? அதுதான் பிடிபடவில்லை. புதருக்குப் பக்கத்தில் வந்ததும் சாம்பி நடக்காது. பக்கவாட்டில் பெரிய தாவாகத் தாவி, தடமே இல்லாமல் குட்டிகளிடம் போய்விடும். முயல்களின் வழக்கம் அது.

ஒரு நாள் சாம்பி தண்ணீரில் வாய் வைத்ததுமே நரி கத்தியது.

"ஆபத்து! ஆபத்து! உன் வளைக்குள்ளே பாம்பு புகுந்திடுச்சு தங்கச்சி! உடனே ஓடு! நின்னா ஒரு குட்டியும் மிஞ்சாது!"

பாவம், பெற்ற வயிறு பதறாதா? சாம்பி விழுந்தடித்து ஓடியது. பின்னாலேயே நரி சத்தமில்லாமல் வந்தது.

ஆவாரம் புதரருகே மூச்சு வாங்க நின்றபோதுதான் சாம்பிக்கு உறைத்தது. 'என் வளை எங்கே இருக்குன்னே இந்த நரிக்குத் தெரியாதே! அப்புறம் பாம்பு புகுந்ததை எப்படிப் பார்த்துச்சு?'

சாம்பி வளைப் பக்கம் போகவில்லை. நேர் எதிரே ஓடி, முள்ளம்பன்றியின் பொந்து முன்னால் நின்று, "ஐயோ, என் கண்ணுகளா!" என்று அலறியது.

"இதுதானா இடம்!" நரி பாய்ந்து பொந்துக்குள் மூஞ்சியை நுழைத்தது.

"எவன்டா அது, தூங்கவிடாம!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துத் திரும்பியது.

நரி போட்ட ஊளை குளம்வரை கேட்டது! மூஞ்சி நிறைய முள்ளோடு தலைதெறிக்க ஓடியது.

சாம்பி தன் மேல் ஒட்டியிருந்த விதைகளையெல்லாம் பல்லால் பிடுங்கிப் போட்டது. பிறகுதான் தாவித் தாவி வளைக்குப் போனது. பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்து தூங்கின. அதைப் பார்த்ததும் சாம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

காட்டிலானாலும் சரி, கைபேசியிலானாலும் சரி, 'உன் வீட்டுக்குள் ஆபத்து' என்று வெளியே நிற்கிறவன் கத்தினால், பதறி ஓடுவதற்கு முன் அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க வேண்டும்.