தேங்கா சார்

தேசிங்கு பள்ளிச் சாவியை மேசைமேல் வைத்தார். பத்து நாளாகக் காலையில் முதல் ஆளாக வந்து பாலர் பள்ளியின் கதவைத் திறப்பவர் அவர்தான்.

பூங்காவனம் டீச்சர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார். தேசிங்கைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் குரு அவர்தான், சீடர் இவர்தான்.

"என்னண்ணே இது?"

"நா... நா..."

நாற்பத்தாறு வருஷமாக இப்படித்தான். எந்தச் சொல்லானாலும் வாசற்படியிலேயே கால் இடறும். டீச்சர் காத்திருந்தார்.

"நாளையிலேருந்து வரல டீச்சர்."

இருபத்துமூன்று வருஷம் மரம் அறுக்கும் மில்லில் இருந்தவர் தேசிங்கு. ரம்பம் ஓடுகிற சத்தத்தில் திக்குவாய்க்காரனும் ஒன்றுதான், மேடைப் பேச்சாளனும் ஒன்றுதான். எல்லாருக்கும் கைஜாடைதான். மில்லை மூடிய பிறகு, வீட்டில் கிடந்த துண்டு மரத்தில் முயலும் பல்லியும் செதுக்கி இந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தார். போக மனசு வரவில்லை. இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கே ஒரு கேள்வியும் கேட்டார். இதில் எது கஷ்டம்?

டீச்சர் மோனிஷைக் கூப்பிட்டார். ஐந்து வயது. "பல்லி. மொதல் சத்தம் என்னடா?"

மோனிஷ் நாக்கை மேலண்ணத்தில் வைத்து "ச்சு ச்சு ச்சு" என்றான்.

"மாடு?"

"ம்மா."

"பல்லிக்கு 'ப'ன்னு சொல்லணும். மாட்டுக்கு 'மா' வந்தது குருட்டாம்போக்குல," என்று டீச்சர் சிரித்தார். "சுவத்துல இருக்கிற எழுத்து அட்டையைப் பாத்து ராகம் போட்டா எல்லாத்தையும் ஒப்பிக்குதுங்க. அட்டையை மறைச்சா போச்சு. நாம சொல்ற வார்த்தை கெளம்பின வேகத்துல ஓடிடுதுண்ணே. புள்ளைங்களுக்கு அதோட வால்தான் தெரியுது."

"அப்ப மு... முகத்தை எப்படிக் காட்டறது?"

"தெரிஞ்சா நான் ஏன் மூணு மாசமா தொண்டை வறளக் கத்தறேன்?"

மறுநாள் டீச்சர் அவரையே பிள்ளைகள் முன்னால் உட்காரவைத்தார். பேர் என்ன சார் என்று கேட்டார்கள். "தே... தே..." என்று நின்றார். ஒருத்தி "தேன்" என்றாள். இன்னொருத்தன் "தேரு" என்றான். தன்ஷிகா "தேங்கா" என்றாள். அதுவே நின்றுவிட்டது. மரப் பொம்மைகள் இருந்த துணிப்பைக்குள் கையை விட்டு "மு..." என்று அவர் திணறி, முயலை வெளியே எடுப்பதற்குள் பிள்ளைகள் வாயிலிருந்து முறுக்கும் முட்டையும் முள்ளங்கியும் வந்து விழுந்தன. தினமும் இதே கூத்து. தேங்கா சார் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினார்.

இன்று மதியம் தட்டுக் கழுவக் குழாயடிக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தார்.

"தன்ஷிகா மணல்மேல ஏறி நின்னுக்கிட்டு என்னை மாதிரியே பண்ணிக் காட்டுது டீச்சர். தாடையை வெட்டறது, கண்ணை இறுக்கறது, ஒண்ணு பாக்கி இல்ல. மத்ததுங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. கோ... கோவமெல்லாம் இல்ல. சின்னப் புள்ளை. ஆனா என்னால முடியல."

"எவ்வளவு நேரம் நின்னு பாத்தீங்க?"

"அதை எதுக்கு நி... நின்னு பாக்கணும்?"

டீச்சர் எழுந்துபோய் ஜன்னல் கதவைத் திறந்தார். "இப்ப நில்லுங்க."

அழைத்துப்போக அம்மாக்கள் இன்னும் வரவில்லை. மணல் குவியலில் தன்ஷிகா சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டிருந்தாள்.

"க... க..." தாடை வெட்டியது.

"கரண்டி."

"கத்திரிக்கா."

"கழுத."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஒரு கல்லை எடுத்துக் காட்டினாள். கைதட்டினார்கள். அடுத்தது மோனிஷ். பையைப் பிடுங்கிக்கொண்டு கையை விட்டான். "எலை," என்றான்.

தன்ஷிகா அவன் தலையில் ஒன்று வைத்தாள். "ஒடனே சொல்லக் கூடாதுடா. சார் மாதிரி நின்னு சொல்லு."

"எனக்கு அது வரல."

"வரும். மொதல்ல வர்றத மட்டும் சொல்லிட்டு வாயை அங்கயே வச்சுக்க."

மோனிஷ் கண்ணை இறுக்கிக்கொண்டான். "எ... எ..."

"எலி."

"எறும்பு."

"எருமை."

பல்லிக்கு ச்சு ச்சு கொட்டியவன் அவன்தான். ஒவ்வொன்றையும் காதில் வாங்கி, இல்லை இல்லை என்று ராஜா மாதிரி கையசைத்துக்கொண்டிருந்தான்.

தேசிங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லை முடித்துவைக்க எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், பெண் பார்க்கப் போன இடத்தில் கூடப் பிறந்த அண்ணன். வெடுக்கென்று முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இதுகள் போகவில்லை. தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் நிற்காதா என்று மோனிஷின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நா... நா..."

மணலில் விளையாட்டு அப்படியே நின்றது. தடதடவென்று ஓடிவந்து ஜன்னலில் மூன்று முகங்கள் முளைத்தன.

"நாய்."

"நாக்கு."

"நாத்தனா," என்றான் மோனிஷ். அவன் வீட்டில் தினமும் அடிபடுகிற சொல்.

தேசிங்கின் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. சொல் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

டீச்சர் ஒற்றை விரலால் சாவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவசரமில்லண்ணே. இன்னும் ரெண்டு வார்த்தை வரட்டும்."