சூடக்கல் துடைத்த விக்கெட் கீப்பர்

வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் ஒரு சிறிய சிவன் கோயில். அங்கே நந்திக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல். சூடக்கல் என்று பெயர். எடுத்தாய், எடுக்கவில்லை என்று வழக்காடுகிறவர்கள் அதன்மேல் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போவார்கள். மெய்யோ பொய்யோ, அவர்கள் போன பிறகு கல்லில் கரி நிற்கும். தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு அந்தக் கரியைத் தேய்த்துக் கழுவுவதே அஞ்சுகம் அம்மையார் செய்துவந்த திருப்பணி. கோயில் வாசலைப் பெருக்கிய தாயாரோடு பன்னிரண்டு வயதில் வந்து அந்தக் கல்லின் முன் குந்தியவர். யாரும் அவரை ஏவவில்லை. யாரும் அவரை நிறுத்தவுமில்லை.

தேய்க்கும்போது அவருக்கு வேண்டுதல் ஒன்றுதான். "சாமி, காணாததைக் கண்டேன்னு என் வாய் சொல்லிடக் கூடாது." அடுத்தவர் பொய்யின் கரியை அன்றாடம் அள்ளுகிறவருக்கு வேறு என்ன வேண்டத் தோன்றும்?

குந்திப் பழகிய அந்தக் கால்களே அவருக்கு வழியும் காட்டின. மாநகராட்சிப் பள்ளியில் கிரிக்கெட் ஆடிய பெண்கள், "நாள் பூரா யாரால குந்த முடியும்?" என்று தேடியபோது எல்லாக் கைகளும் அவரையே காட்டின. ஸ்டம்புக்குப் பின்னால் கையுறையோடு குந்தினார். வந்த பந்து எதுவும் அவரைத் தாண்டிப் போகவில்லை. இருபத்திரண்டு வயதில் இந்தியப் பெண்கள் அணியில் இடம் கிடைத்தது. அந்த நாளில் அந்த அணிக்கு ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி, படுக்கப் பள்ளிக்கூடத் தரை. அம்மையார் எல்லாரோடும் பாய் விரித்துப் படுத்தார், ஏழாவதாக இறங்கி மட்டை பிடித்தார், ஊரில் இருக்கும் நாளெல்லாம் விடியலில் கல் துடைத்தார்.

தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. விக்கெட் கீப்பர் என்றால் கூவ வேண்டும். பந்து மட்டையில் உரசியதோ இல்லையோ, "அவுட்டா?" என்று நடுவரை நோக்கிக் கைதூக்கிக் கேட்க வேண்டும். பத்துக்கு ஒன்று பலிக்கும். அதைப் பொய் என்று ஒருவரும் நினைப்பதில்லை, ஆட்டத்தின் வழக்கம் அது. அம்மையாரோ உரசியது தம் காதில் விழுந்தாலொழிய வாய் திறக்கமாட்டார்.

வேகப்பந்து வீசிய ராயபுரத்து ரெஜினாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்மா அஞ்சுகம், வாய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"படலையே ரெஜினா."

"படலன்னா இன்னா? நீ உன் பாட்டுக்குக் கேளு. குடுத்தா குடுக்கறாரு."

"கேக்கறதுன்னா சாட்சி சொல்ற மாதிரியாச்சே."

"ஆமா, பெரிய கோர்ட்டு." அன்றிலிருந்து அணியில் அவருக்கு மௌனச் சாமியார் என்று பெயர்.

மட்டை பிடிக்கும்போதும் அப்படித்தான். தொண்ணூற்றொரு ரன்னில் நின்றபோது பந்து உரசிக் கேட்ச் ஆனது, நடுவர் காணவில்லை, அம்மையார் தாமாகவே வெளியே நடந்தார். கூட்டம் ஏசியது. பிறகு ஓர் ஆட்டத்தில், வெற்றிக்கு ஒரே விக்கெட் வேண்டிய வேளையில், மற்றப் பத்துப் பேரும் ஒரே குரலாகக் கூவ, அவர் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். கீப்பரே கேட்கவில்லை என்று கண்ட நடுவர் மறுத்துத் தலையசைத்துவிட்டார். ஆட்டம் போனது. அதோடு அணியில் அவர் இடமும் போனது.

கேப்டன் வத்சலா பெங்களூர்த் தமிழர், கண்டிப்பானவர். கோயிலைத் தேடிக்கொண்டு தாமே வந்தார்.

"பந்து புடிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல. நாங்க கத்தறப்போ நீயும் கத்தறேன்னு ஒரு வார்த்தை குடு. லிஸ்ட்ல உன் பேரை நான் சேர்க்க வைக்கிறேன்."

தேய்த்த கை நிற்கவில்லை. "அது என்னால ஆவாதுக்கா."

"பொய் சத்தியமா பண்ணச் சொல்றேன்? வெறும் அப்பீல்மா."

"இந்தக் கல்லாண்ட வந்தவங்களும் அப்டித்தான்க்கா சொன்னாங்க. வெறும் சூடம்னு."

"அப்போ இங்கேயே குந்திட்டிரு."

"குந்திக்கினுதான் இருக்கேன்."

வத்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் கோபத்தோடேயே போனார்.

இடம் போனது வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆட்டம் ஓடும்போது அம்மையாரின் விரல்கள் தாமாகவே குவிந்துகொள்ளும். "ஆசையிருக்கு சாமி. இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு நாரை எடுப்பார். பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. மனம் கசக்கவில்லை, வேண்டுதல் மாறவுமில்லை.

பிறகு ஓர் அயல்நாட்டு அணி வந்தது. ஆளுக்கொரு வெற்றி என்று நிற்க, கடைசி ஆட்டம் சென்னையில். புதிய கீப்பருக்கு ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் கட்டைவிரல் முறிந்தது. வத்சலா மறுபடி வந்தார்.

"வார்த்தை எதுவும் குடுக்க மாட்டேன்க்கா" என்றார் அம்மையார், அவர் பேசுமுன்னே.

"நான் கேக்கவேயில்லையே. கிளம்பு."

அந்த ஆட்டத்தில் அம்மையார் ஐம்பத்தெட்டு ரன் எடுத்தார். மூன்று நாளும் மற்றவர்கள் வீணாகக் கூவியபோதெல்லாம் வாய் மூடியே இருந்தார். கடைசி மாலை, எதிரணிக்கு நான்கு ரன் வேண்டும், கையிலிருப்பது ஒரே விக்கெட். பார்க்க வந்தவர்கள் தகரத்தைத் தட்டி எழுப்பிய சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேட்கவில்லை. ரெஜினா ஓடிவந்து வீசினார். மட்டையைத் தாண்டிய பந்து அம்மையார் கையில் வந்து அடங்கியது. தப்பிவிட்டதே என்று ரெஜினா தலையில் கைவைத்துக்கொண்டார். "சரி, அடுத்தது, அடுத்தது" என்று வத்சலா கைதட்டினார். எதிரணிப் பெண் அடுத்த பந்துக்கு நின்றாள்.

காய்ந்த இலை ஒன்று முறிகிற அளவு ஓசை அம்மையார் காதில் விழுந்திருந்தது. நெல்முனையளவு ஐயம் இருந்தாலும் அவர் எழுந்திருக்கமாட்டார். எழுந்தார். தன்னந்தனியாக, அந்த இரைச்சலின் நடுவே, பந்தை உயர்த்தி நடுவரைக் கேட்டார்.

ரெஜினா திகைத்துப் பார்த்தார். நடுவர் காதில் எந்த ஓசையும் விழுந்திருக்கவில்லை. கேளாததைக் கேட்டேன் என்று அவர் எப்படிச் சொல்வார்? மறுத்துத் தலையசைக்கத் தொடங்கினார்.

அப்போது எதிரணிப் பெண் திரும்பி அம்மையார் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நடுவரின் விரல் அதற்குப் பிறகுதான் உயர்ந்தது.

"இன்னாடி சொல்லிட்டுப் போவுது அது?" என்று ஓடிவந்தார் ரெஜினா.

வத்சலா தமிழில் சொன்னார். "'மூணு நாளா வாய் திறக்காத நீயே கேட்டுட்டே. இதுக்கு மேல நான் இங்கே நின்னா மரியாதையில்ல'ங்கறா."

கைலாயத்திலிருந்து விடை ஏறி வரவில்லை இறைவன். காலில் காப்புக் கட்டி, கையில் மட்டை பிடித்து, மொழி தெரியாத பெண்ணாய் எதிரணியிலேயே நின்றிருந்தான்; தன் அடியார் சொல்லுக்குத் தானே சாட்சியானான். அதன்பின் ஏழாண்டுகள் அம்மையார் நாட்டுக்காக ஆடினார். அணியிலிருந்து விலகு என்று யாரும் சொல்லவில்லை, கத்து என்றும் சொல்லவில்லை.

கண்டதன்றி வேறு உரையாத அஞ்சுகம் அம்மையாரின் அடிகளை நாமும் தலைமேற் கொள்வோம்.